அசையிடு கால்நடைகளின் செரிமானமும் செடிச்சாறுகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நாட்டு மக்கள் செடிகொடிகளுக்கு இட்டு வழங்கும் பெயர்கள் அம்மக்களின் பட்டறிவைக் காட்டும் சான்றுகளாம். தமிழ்நாட்டு வேலியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் காணப்படுவனவற்றுள் ஆடாதோடை ஒன்று, ஆடுதின்னாப்பாளை மற்றொன்று. முன்னதனை ‘ஆடுதொடா’ எனவும் வழங்குவர். ஆடு வாய் வைக்காத செடி என்பது அதற்கு மக்கள் கூறும் பொருள். ‘ஆடரூஷகம்’ என்னும் வடமொழிப் பெயரும் அச்செடிக்கு உண்மையின், இச்சொல்விளக்கம் பின்னெழுந்ததோ என ஐயுறுதற்கு இடனுண்டு. ஆயின், ஆடுதின்னாப்பாளை என்னும் பெயரில் ஐயத்திற்கு இடமே இல்லை. கண்டதையெல்லாம் கடித்துப் பார்க்கும் ஆடும் இதனைத் தின்னாது விடுகின்றது என்பதை நாள்தோறும் ஆட்டின் பின் நடந்தவனே கண்டிருத்தல் வேண்டும். லின்னேயசு என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1753இல் தம் செடிநூலில் ஆடாதோடைக்கு ‘ஜஸ்டீசியா அதடோடா’ என்று பெயரிட்டமையால், நம் நாட்டு வழக்குச் சொல் உலகச் செடிநூலிலும் இடம்பெற்றது.

இவ்விரு பெயர்களும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. செடி, தன்னை மேயவரும் விலங்கினின்றும் தன்னைக் காத்துக்கொள்ளுதற்குச் சில பொருள்களைத் தன்னுள் உண்டாக்கிக்கொள்கின்றது. அப்பொருள்கள் விலங்கின் நாவிற்கும் வயிற்றிற்கும் ஒவ்வாதன. அங்ஙனமாயின், அதே பொருள்களைச் சாறாக எடுத்துச் சிறிதளவு தீவனத்திற் கலந்து கொடுத்தால் அவ்விலங்கின் செரிமானம் சிறக்கும் என்று இன்றைய ஆய்வாளர் கூறுவது எவ்வாறு பொருந்தும்? பகையாய் இருந்தது துணையாய் மாறிய வரலாறு யாது? அவ்வரலாற்றில் நம் மாட்டு வாகடச் சுவடிகளுக்கு உரிய இடம் எது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘எல்லாம் நம் முன்னோர் கண்டதே’ என்பாரும், ‘அவையெல்லாம் வெறும் நாட்டுப்புற நம்பிக்கை’ என்பாரும் இத்துறையில் உளர். இருதிறத்தாரும் வாகடங்களை உள்ளவாறு படித்திலர் என்பது எம் கருத்து.

1. நான்கறை வயிறும் அதனுள் வாழ்வனவும்

ஆவும் எருமையும் ஆடும் இரையை முதலில் விரைந்து விழுங்கிப் பின்னர் ஓரிடத்திற் படுத்து அதனை மீட்டு மென்று அசையிடுவன. கொம்புடைய இவ்விலங்குகளுக்கு வயிறு நான்கு அறைகளையுடையது என்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் விளக்கியுள்ளார். அவற்றுள் முதலாவதும் மிகப் பெரியதும் அசையூண் பை. வளர்ந்த பெரிய பசுவொன்றின் அசையூண் பை நூறு லிட்டருக்கு மேற்பட்ட அளவினைக் கொள்ளும். அடுத்துள்ளவை தேன்கூடு போன்ற வலைப்பை, ஏட்டுச்சுவடி போன்ற மடிப்புகளையுடைய ஏட்டுப்பை, நம் இரைப்பையை ஒத்த நான்காம் பை என்பன.

வைக்கோலையும் புல்லையும் செரிக்கும் ஆற்றல் பசுவின் உடலுக்கு இயல்பாக இல்லை. அவ்வேலையைச் செய்வன அசையூண் பையில் வாழும் நுண்ணுயிர்கள். அப்பையிலுள்ள நீர்மத்தின் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ ஆயிரங்கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றோடு புரோட்டோசோவா எனப்படும் ஓரணு உயிர்களும், பூஞ்சைகளும், மீத்தேன் வளியை உண்டாக்கும் தனிவகை நுண்ணுயிர்களும் கூடி வாழ்கின்றன. இவை நார்ப்பொருளைப் புளிக்கவைத்து எளிதில் ஆவியாகும் கொழுப்பமிலங்களாக மாற்றுகின்றன. பசு தனக்கு வேண்டும் ஆற்றலின் பெரும்பகுதியை அவ்வமிலங்களினின்றே பெறுகின்றது. எனவே, மாட்டிற்குத் தீவனமிடுதல் என்பது உண்மையில் அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தீவனமிடுதலே ஆகும்.

இவ்வினையில் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. தீவனத்திலுள்ள ஆற்றலில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை மீத்தேனாகி ஏப்பத்தின் வழியே வெளியேறுகின்றது என்பது ஓரிழப்பு. பிண்ணாக்கு முதலியவற்றிலுள்ள புரதத்தை நுண்ணுயிர்கள் மிகுதியாகச் சிதைத்து அம்மோனியாவாக்கி வீணாக்குதல் மற்றோரிழப்பு. நார்ப்பொருளின் செரிமானத்தைக் கெடாமல் இவ்விரண்டையும் குறைக்க இயலுமா என்பதே தீவனச் சேர்க்கை ஆய்வின் அடிப்படை வினா.

2. வாகடம் கூறுவது

‘வாகடம்’ என்னுஞ் சொல் மருத்துவ நூலைக் குறிப்பது. வடமொழி மருத்துவர் வாக்படரின் பெயரோடு அதனைத் தொடர்புபடுத்துவர். மாட்டு வாகடம் என்னும் பெயரால் ஏட்டுச்சுவடிகளும் அச்சு நூல்களும் நமக்குக் கிடைக்கின்றன. மாட்டின் சுழி முதலிய இலக்கணங்களும், அடைப்பான், கோமாரி, சப்பை, வெக்கை முதலிய நோய்களும், அவற்றிற்குரிய மருந்துகளும் இவ்வகை நூல்களின் பொருள்கள். வயிற்று நோய்களுள் செரியாமையும் உப்புசமும் உழவர் நன்கறிந்தவை.

உப்புசத்திற்குச் சிற்றூர்களில் செய்யும் முறையை அறியாதார் இலர். வெற்றிலை, மிளகு, பூண்டு, இஞ்சி, பெருங்காயம், ஓமம் முதலியவற்றுள் கிடைப்பனவற்றை இடித்துப் பிழிந்தோ, காய்ச்சி வடித்தோ, மூங்கிற் குழலால் மாட்டின் வாயிற் புகட்டுவர். சிலவிடங்களில் நல்லெண்ணெயும் புகட்டுவர். இவற்றுள் எண்ணெய் புகட்டுதலுக்கு அறிவியல் விளக்கம் தெளிவாக உள்ளது. பசும்பயற்றினத் தழையை மிகுதியாகத் தின்றபொழுது அசையூண் பையில் நுரை பொங்கும். வளி அந்நுரையிற் சிக்கி ஏப்பமாக வெளியேறாது வயிறு பருக்கும். எண்ணெய் அந்நுரையை உடைக்கின்றது. இக்கால மருத்துவரும் நுரை உப்புசத்திற்கு எண்ணெயைப் பயன்படுத்துவது இதனாலேயே.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வாகட மருத்துவன் முன் நிற்பது நோயுற்ற ஒரு மாடு. அவன் கொடுப்பது அந்நாளைக்கு அம்மாட்டிற்கு உரிய மருந்து. நோய் நீங்கிற்றெனின் மருந்தும் நின்றுவிடும். தீவனச் சேர்க்கையோ இத்தகையதன்று. அது நோயில்லாத மாட்டிற்கு, நாள்தோறும், தீவனத்தின் எடைக்கு இத்தனை பங்கு என்னும் அளவோடு, தொழுவம் முழுமைக்கும் ஒருசேரக் கொடுக்கப்படுவது. மருந்தின் பயன் மாடு எழுந்து நிற்பதிற் புலப்படும். சேர்க்கையின் பயன் பல மாடுகளின் பாலையும் எடையையும் பல திங்கள் அளந்து கணக்கிட்டாலன்றிப் புலப்படாது. ஆகவே வாகடத்து மருந்தைத் தீவனச் சேர்க்கையின் முன்னோடி என்று சொல்லுமிடத்து, ஒரு வினாவிற்குக் கூறிய விடையை மற்றொரு வினாவிற்கு விடையாகக் காட்டும் பிழை நேர்தல் கூடும்.

சித்த மருத்துவத்தின் மருந்து வடிவங்களும் இவ்வேறுபாட்டைத் தெளிவுறுத்தும். மக்களுக்குரிய அம்மருத்துவத்தில் அகமருந்துகள் 32 வகைப்படும். அவற்றுள் சாறு, சுரசம், குடிநீர், கற்கம், உட்களி, அடை என்னும் ஆறனுக்கும் ஆற்றல் நிற்குங் காலம் மூன்று மணி நேரமே. சூரணத்திற்கு மூன்று திங்கள். செய்த உடனே கொடுப்பதற்குரியது சாறு என்பதே மரபு. ஆலையில் ஆக்கி மூட்டையிற் கட்டி, பல திங்கள் கிடங்கில் வைத்துக் கொடுக்கும் தீவனத்திற்கு அம்மரபுச் சாற்றை அப்படியே எடுத்தாள இயலாது. செடிச்சாறு தீவனச் சேர்க்கையாதற்கு முதலில் கெடாத பொருளாதல் வேண்டும். அதன்பின் அளக்கத்தக்க பொருளாதல் வேண்டும். இவ்விரு படிகளையும் கடக்க உதவியது ஆய்வுக்கூடம்.

3. ஆய்வுக்கூடத்தில் அசையூண் பை

அசையூண் பையில் ஓரணு உயிர்கள் வாழ்வதனை 1843இல் குரூபி, டெலபோண்ட் என்னும் இருவர் பிரான்சு நாட்டிற் கண்டறிந்தனர். 1880களில் ஜெர்மானிய அறிஞர் டாப்பைனர் நார்ப்பொருள் மாட்டின் வயிற்றிற் புளித்து வளிகளாகவும் அமிலங்களாகவும் மாறுவதைக் காட்டினார். அவ்வமிலங்கள் அசையூண் பையின் சுவர் வழியே குருதியிற் கலக்கின்றன என்பதனை 1944இல் கேம்பிரிட்ஜில் பார்கிராப்ட், மெக்கனல்லி, பிலிப்சன் ஆகியோர் நிறுவினர். உயிர்வளி படாமல் அந்நுண்ணுயிர்களை வளர்க்கும் முறையை அமெரிக்க அறிஞர் இராபர்ட் ஹங்கேட் வகுத்தார். அவர் 1966இல் வெளியிட்ட ‘அசையூண் பையும் அதன் நுண்ணுயிர்களும்’ என்னும் பொருளுடைய நூல் இத்துறைக்கு அடிப்படை நூலாயிற்று.

நுண்ணுயிர்களை அறிந்தபின், வேண்டாதவற்றை அடக்கி வேண்டுவனவற்றை வளர்க்கும் எண்ணம் எழுதல் இயல்பே. 1967இல் மொனென்சின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி பற்றிய செய்தி வெளியாயிற்று. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் உண்டாக்கும் பொருள் அது. முதலில் கோழிகளின் நோய்க்கு ஆன அப்பொருள், 1970களின் நடுவில் அமெரிக்காவில் கொழுக்க வளர்க்கும் மாடுகளின் தீவனத்திற் சேர்க்கப்பட்டது. அது சிலவகைப் பாக்டீரியாக்களை அடக்கிப் புரோப்பியானிக் அமிலத்தின் பங்கை உயர்த்தும், மீத்தேனைக் குறைக்கும், புரதம் சிதைதலையும் குறைக்கும். குறைந்த தீவனத்தில் மிகுந்த எடை என்பது பண்ணையாளர்க்குப் பெரும் ஊதியமன்றோ?

ஆயின், உணவு விலங்குகளுக்கு நாள்தோறும் நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்தால், அம்மருந்துகளுக்கு அடங்காத நோய்க்கிருமிகள் பெருகி மக்களுக்குத் தீங்கு விளையுமே என்னும் அச்சம் வளர்ந்தது. 1969இல் இங்கிலாந்தில் சுவான் குழு தன் அறிக்கையில் இதனை எச்சரித்தது. 1986இல் சுவீடன், வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லிகளைத் தீவனத்திற் சேர்த்தலைத் தடுத்தது. 2003இல் இயற்றிய விதியின்படி 2006 சனவரி முதல் நாளிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுமையிலும் அத்தடை நடைமுறைக்கு வந்தது. வளர்ச்சிக்காக மொனென்சினைத் தீவனத்திற் சேர்த்தலும் அத்துடன் அங்கு நின்றது. மொனென்சின் விட்டுச் சென்ற இடத்தை நிரப்புதற்குச் செடிச்சாறுகள் நினைவுக்கு வந்தன.

4. பகையினின்று துணையாதல்

செடிப்பொருள்களைப் பற்றி அசையூண் ஆய்வாளர் முதலில் எழுப்பிய வினா வேறு. மேற்கு அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் மாசிபத்திரியின் இனத்தைச் சேர்ந்த ஒரு புதர்ச்செடி மிகுதியாக உண்டு. அதனை மான்கள் ஓரளவிற்கு மேல் தின்பதில்லை. ஏன் என்று ஆராய்ந்த நாகி, ஸ்டைன்ஹாப், வார்டு ஆகியோர், அச்செடியின் நறுமண எண்ணெய் மானின் அசையூண் பை நுண்ணுயிர்களை அடக்குவதை 1964இல் வெளியிட்டனர். ‘ஆடு ஏன் இதனைத் தின்னவில்லை’ என்று நம் ஆயன் வினவியதும், ‘மான் ஏன் இதனைத் தின்னவில்லை’ என்று அவ்வறிஞர் வினவியதும் ஒரே வினாவின் இரு வடிவங்கள். ஆயன் தான் கண்டதனைப் பெயராக்கினான். ஆய்வாளர் அதற்குக் காரணத்தைக் கண்டனர்.

நுண்ணுயிரை அடக்கும் பொருள், அளவு மிகுந்தால் செரிமானத்தைக் கெடுக்கும். அளவு குறைந்தால் வேண்டாத நுண்ணுயிரை மட்டும் அடக்கக்கூடும். இவ்வெண்ணமே பகையைத் துணையாக்கிற்று. நறுமண எண்ணெய்களேயன்றி இருவகைச் செடிப்பொருள்கள் இதன்கண் சிறப்பாக ஆராயப்பட்டன. ஒன்று டானின் எனப்படும் துவர்ப்பொருள். மற்றொன்று சபோனின் எனப்படும் நுரைப்பொருள்.

துவர்ப்பொருள் புரதத்தோடு பிணையும் இயல்பினது. கடுக்காயை மெல்லும்பொழுது எச்சிலிலுள்ள புரதத்தை அது பற்றிக்கொள்வதனாலேயே நா வறண்டு இழுக்கின்றது. அவ்வுணர்வையே துவர்ப்பு என்கின்றோம். தோல் பதனிடுவோர் கடுக்காயைப் பயன்படுத்துவதும் தோலிலுள்ள புரதத்தோடு அது பிணைந்து தோலைக் கெடாமற் காப்பதனாலேயே. அசையூண் பையிலும் அதே வினை நிகழ்கின்றது. தீவனப் புரதத்தோடு துவர்ப்பொருள் பிணைந்து, நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்காமல் காக்கின்றது. நாவும் தோலும் வயிறும் ஆகிய மூன்றிடத்தும் நிகழ்வது ஒரே வினை என்பது நினையத்தக்கது. பயற்றினத் தழைகளுள் துவர்ப்பொருள் உடையவை நுரை உப்புசத்தை உண்டாக்காமைக்கும் இவ்வினையே காரணம்.

நுரைப்பொருள், பூந்திக்கொட்டையிலும் சீகைக்காயிலும் உள்ளது. இது புரோட்டோசோவாவின் மேலுறையிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளோடு பிணைந்து அவ்வுயிர்களை அழிக்கின்றது. அவ்வுயிர்கள் பாக்டீரியாக்களை விழுங்கி வாழ்வன. மீத்தேன் நுண்ணுயிர்கள் சில அவற்றோடு ஒட்டியும் வாழ்கின்றன. ஆதலின் அவை குறையின் மாட்டிற்குக் கிடைக்கும் நுண்ணுயிர்ப் புரதம் மிகும்; மீத்தேனும் குறையக்கூடும்.

5. இசத்நகர் ஆய்வு

ஐரோப்பியத் தடை நடைமுறைக்கு வந்த 2006ஆம் ஆண்டிலேயே நம் நாட்டினின்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியாயிற்று. உத்தரப்பிரதேசத்தின் இசத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பாத்ரா, காம்ரா, அகர்வால் ஆகியோர் எழுதியது அது. கடுக்காய், தான்றி, நெல்லி, வேம்பு ஆகிய நான்கின் வித்துச் சதையையும் சீகைக்காயையும் எடுத்து, எத்தனால், மெதனால், நீர் ஆகிய மூன்றிலும் தனித்தனியே சாரமிறக்கி, எருமையின் அசையூண் பை நீர்மத்தில் இட்டு அவர்கள் ஆராய்ந்தனர். மீத்தேனை அடக்குவதில் மெதனாலில் இறக்கிய கடுக்காய்ச் சாரம் முன்னின்றது. பின்னர் 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், கடுக்காயும் பூண்டும் செம்மறியாட்டின் தீவனத்தில் உலர்பொருளின் நூற்றில் ஒரு பங்கு என்னும் அளவிற் சேர்க்கப்பட்டன. ஆய்வுக்குடுவையிற் கண்டது உயிருள்ள விலங்கிலும் நிகழுமோ என்பதே அவ்வாய்வின் வினா. கடுக்காய் சேர்த்தபொழுது செரிமானம் கெடவில்லை. செரித்த பொருளின் அளவிற்கு நோக்க மீத்தேனும் குறைந்தது.

இந்நிறுவனத்தின் வரலாறும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. மாட்டுக் கொள்ளைநோயை ஆராய அமைத்த குழு 1871இல் அளித்த அறிக்கையின் பின்விளைவாக, 1889இல் பூனாவில் தோன்றிய நுண்ணுயிர் ஆய்வுக்கூடமே இதன் முதல். 1893இல் அது இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரத்திற்கு மாறியது. 1913இல் இசத்நகரிலும் கிளை அமைந்தது. நம் வாகடங்கள் வெக்கை என்னும் அக்கொள்ளைநோய் உலகினின்றே ஒழிந்ததென 2011இல் அறிவிக்கப்பட்டது. வெக்கையை வென்றது தடுப்பூசி, செடிச்சாறு அன்று. வாகடம் அந்நோய்க்கும் மருந்து கூறுகின்றது என்பதனாலேயே அம்மருந்து பயன்பட்டதென்று கொள்ளுதல் இயலாது. கொள்ளைநோயை ஒழிக்கத் தோன்றிய நிறுவனமே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டிற்குப்பின் கடுக்காயைக் கையில் எடுத்தது. ஆயின் நம்பிக்கையால் எடுக்கவில்லை, அளவுகோலோடு எடுத்தது.

கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் சேர்ந்ததே திரிபலை. அதனாலேயே இவ்வாய்வைக் கண்டு ‘நம் மருத்துவம் மெய்ப்பிக்கப்பட்டது’ என முடிவுகட்டல் எளிது. அம்முடிவு பொருந்துமா? மெதனாற் சாரம் சித்த மருத்துவர் அறிந்த வடிவம் அன்று. குடிநீருக்கு நிகரானது நீரில் இறக்கிய சாரமே. முன்னின்றதோ மெதனாற் சாரம். மேலும், மீத்தேனைக் குறைத்தல் எந்த வாகடத்தின் நோக்கமும் அன்று. ஆகவே இவ்வாய்வால் மெய்ப்பிக்கப்பட்டது வாகடத்தின் மருத்துவக் கூற்று அன்று. எந்தச் செடிகளை முதலில் எடுத்து ஆராய்தல் வேண்டும் என்னும் தெரிவிற்கே மரபறிவு வழிகாட்டியது எனலாம். ஆயிரக்கணக்கான செடிகளுள் ஐந்தைத் தெரிதல் சிறுபணி அன்று. அதற்குரிய பெருமையை மரபிற்குக் கொடுத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டதனைக் கொடுத்தல் ஆகாது.

6. அளவும் இடமும்

துவர்ப்பொருள் மிகுந்தால் மாடு தீவனம் உண்ணுதல் குறையும். நார்ப்பொருளின் செரிமானமும் கெடும். நுரைப்பொருளின் பயன் சில நாள்களில் மங்குதலும் உண்டு. அசையூண் பை நுண்ணுயிர்கள் அப்பொருளைச் சிதைக்கப் பழகிக்கொள்ளும். நம் நாட்டில் சித்தகத்தி என வழங்கும் செடியின் தழையை 1990களின் இறுதியில் ஸ்காட்லாந்து ஆடுகளிடத்தும் எத்தியோப்பிய ஆடுகளிடத்தும் ஆராய்ந்தனர். ஓரணு உயிர்களை அடக்கும் அதன் ஆற்றல் இருநாட்டு ஆடுகளிலும் ஒன்றாக இருக்கவில்லை. ஓரிடத்து ஆட்டிற்குப் பயன்பட்டது மற்றோரிடத்து ஆட்டிற்கும் அவ்வாறே பயன்படும் எனத் துணிதல் கூடாது என்பது இதனாற் பெறப்படும்.

இத்தகைய இடர்களைக் கடந்தே ஆய்வு நடைமுறைக்கு வருதல் வேண்டும். பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டவியல் மற்றும் உடற்செயலியல் நிறுவனம், துவர்ப்பொருள் மிக்க செடிப்பொருள்களைக் கொண்டு ‘ஹரித் தாரா’ என்னும் தீவனச் சேர்க்கையை உருவாக்கியது. அது மீத்தேனை நூற்றுக்கு 17 முதல் 20 பங்கு வரை குறைக்கும் என 2021இல் அறிவிக்கப்பட்டது. மாடு ஏப்பமிடும் மீத்தேன் புவி வெப்பமாதற்கும் ஒரு காரணமாதலின், இவ்வாய்வுக்கு இன்று உழவரின் ஊதியத்தைக் கடந்த மற்றொரு நோக்கமும் உளதாயிற்று.

7. தமிழாய்வாளர் கடமை

இதுகாறுங் கூறியவற்றால், செடிச்சாறு தீவனச் சேர்க்கையாகிய வரலாறு மூன்று படிகளையுடையது என்பது விளங்கும். மேயும் விலங்கு ஒதுக்கும் செடியைக் கண்டு பெயரிட்டது முதற்படி. அத்தகைய செடிகளை நோயுற்ற மாட்டிற்கு மருந்தாக்கியது இரண்டாம்படி. அவற்றின் பொருள்களைப் பிரித்து அளந்து நாள்தோறும் கொடுக்கத் துணிந்தது மூன்றாம்படி. முதலிரண்டு படிகளுக்கும் உரிய தமிழ்ச்சான்றுகள் சொற்களிலும் சுவடிகளிலும் உள்ளன. அவற்றை மூன்றாம்படியினர் பயன்கொள்ளுமாறு தருதல் தமிழாய்வாளர் கடமை.

மாட்டு வாகடத்தைப் பதிப்பிப்போர் பாடவேறுபாடு காட்டுவதோடு அமைதல் போதாது. ஒவ்வொரு மருந்திற்கும் நான்கு செய்திகளைத் தெளிவுறுத்தல் வேண்டும். அவை செடி, செடியின் உறுப்பு, மருந்தின் வடிவம், அளவு என்பன.

செடிப்பெயர் ஒன்றே இடத்திற்கிடம் வேறு செடியைக் குறித்தல் உண்டு. வேளை என்றால் நல்வேளையா, நாய்வேளையா? அரத்தை என்றால் சிற்றரத்தையா, பேரரத்தையா? உறுப்பு மாறினும் பயன் மாறும். கடுக்காயின் தோலைக் கொண்டு வித்தை நீக்குதலும், இஞ்சியின் தோலை நீக்கி உள்ளீட்டைக் கொள்ளுதலும் நம் மருத்துவர் கண்ட முறை. வடிவத்தைப் பொறுத்தவரை, பிழிசாறா, குடிநீரா, பொடியா என்பது தெரியாக்கால் ஆய்வுக்கூடத்தார் எதனை ஆராய்வர்? அளவோ எல்லாவற்றினும் இடர் மிக்கது. பலம் என்பதை 35 கிராம் அளவெனக் கொள்வர். ஆயின் கைப்பிடி, கொட்டைப்பாக்களவு, சுண்டைக்காயளவு என்னும் அளவுகளைக் கொள்வது எங்ஙனம்? ஒன்றை இரண்டாகப் படித்த பதிப்பாசிரியன் பிழை செய்யுளில் தளையைக் கெடுக்கும். வாகடத்திலோ மாட்டைக் கொல்லும்.

ஆடுதின்னாப்பாளையே இதற்குச் சான்று. நாட்டு மருத்துவத்தில் இடம்பெற்ற அச்செடியிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது; புற்றுநோயையும் உண்டாக்குவது என இன்று நிறுவப்பட்டுள்ளது. மருந்தாக அதனைக் கூறும் ஏட்டை மட்டும் படிப்பவன் இத்தீங்கை அறியான். ஆடு தின்னாது என எச்சரிக்கும் பெயரைப் படிப்பவனோ ஐயுற்று நிற்பான். ஏடு கூறுவதையும் பெயர் கூறுவதையும் ஒருங்குவைத்து நோக்கினாலன்றி மரபறிவு முழுமையுறாது.

முடிவுரை

ஒரு குடும்பத்தின் வாழ்வு ஒரு பசுவின் மடியைச் சார்ந்திருத்தல் நம் நாட்டிற் பெரும்பான்மை. அப்பசுவின் தொட்டியில் எதனைச் சேர்ப்பது என்னும் வினாவிற்குப் பழம்பெருமை பேசுவோரும் விடை கூறுகின்றனர். விற்பனையாளரும் விடை கூறுகின்றனர். இருவரிடமிருந்தும் அக்குடும்பத்தைக் காப்பது சான்றோடு கூடிய அறிவே. அவ்வறிவின் ஒரு பகுதி கால்நடை மருத்துவரிடத்தும், மற்றொரு பகுதி இன்னும் திருத்தமாகப் பதிப்பிக்கப்படாத நம் சுவடிகளிலும் உள்ளது. சென்னையில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989இல் தோன்றிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாக இன்று விளங்குகின்றது. அவ்வறிஞரும் தமிழ்த்துறையாரும் ஒரு மேசையிலிருந்து ஒரு வாகடத்தையேனும் செடி, உறுப்பு, வடிவம், அளவு என்னும் நான்கும் தெளிவுறப் பதிப்பித்தல் வேண்டும். சுவடியைப் படிக்கும் பயிற்சி நம்மிடம் உள்ளது. செடியை அளக்கும் பயிற்சி அவர்களிடம் உள்ளது. முதுகலை மாணவர் ஒருவர் இப்பணியைத் தம் ஆய்வுப் பொருளாக மேற்கொள்வாராயின், ஆடு தொடாத செடியை ஆயன் கண்டு பெயரிட்ட நாளில் தொடங்கிய அறிவு ஒரு படி மேலேறும் என்பது எம் துணிபு.